பெயர் கழன்று விழுந்த மாப்பிள்ளை

வாழ்த்து மடல் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளையின் பெயர் கழன்று கீழே விழுந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட் கோயில் மண்டபத்தில்.

லூமுட்டிலிருந்து வந்திருந்த தங்கையா மைக்கைப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய வாழ்த்து மடல். அதில் மணமக்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடிக்கு மேலேயே ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி. பசையோ அவசரப் பசை. தாள் முதலில் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தது. அப்புறம் பறந்தது. பறந்துபோய்த் தவில்காரர் மடியில் உட்கார்ந்தது.

அடியில் இருந்த பெயர்கள் பளிச்சென்று தெரிந்தன — செல்வன் தங்கையா, செல்வி லெட்சுமி!

ஆமாம்... தம் சொந்தக் கல்யாணத்துக்கு வந்த மடலைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்துவிட்டார் மனிதர். சரி, பார்த்ததும் நிறுத்தினாரா? அதுதான் இல்லை. வாசித்த வேகத்தில் தம் பெயரையும் சேர்த்து வாசித்து, தமக்கே நீண்ட ஆயுள் கிடைக்க வேண்டுமென்று வாழ்த்தி முடித்தார்.

முன்வரிசையில் அவர் மனைவி எழுந்துவிட்டார்.

“ஏங்க! இது நம்ம வீட்டு ஹால்ல மாட்டியிருந்ததுல்ல? காலையில வெறும் ஆணி மட்டும் இருக்கேன்னு பாத்தேன் லா!”

மண்டபமே குலுங்கிச் சிரித்தது. இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. ஒருவர் மாப்பிள்ளை — வயது அறுபத்து நான்கு. இன்னொருவர் நான். காரணம், அந்தக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பதே அப்போது தெரியாது. நடக்காமல் போனால் பாதிப் பழி என் தலையில்தான் விழும்.

மணமேடையில் மணப்பெண் நிதானமாக இன்னொரு விரலை மடக்கினார். ஏழு.

கொஞ்சம் பொறுங்கள். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

எழுத்தாளர் அரங்கசாமியைத் தெரியாத வாசகர் நம்மில் இருக்க முடியாது. ஞாயிறு பதிப்பில் அவர் தொடர்கதை வந்த காலத்தில், எஸ்டேட்டுகளில் பேப்பர் வரும் பஸ்ஸுக்காக ஆட்கள் ரோட்டோரம் காத்துக்கிடப்பார்கள். ஒரு வாரம் கதாநாயகிக்குக் கடுங்காய்ச்சல் என்று எழுதிவிட்டார். அடுத்த வாரத்துக்குள் மூன்று தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் அவள் பெயருக்கு அர்ச்சனை நடந்தது. பயந்துபோய் மறுவாரமே காய்ச்சலை இறக்கிவிட்டார் அண்ணன்.

பேர் எடுத்த எழுத்தாளர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். ஈப்போவில் ஒரு சின்ன அச்சகத்தில் அச்சுக் கோக்கிற வேலை எனக்கு. வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நம்மைப் பார்க்காமல் பேசுவார்கள். அரங்கண்ணன் அப்படியில்லை. கேட்டதைக் கொடுப்பார். கேட்காததையும் கொடுப்பார். அவருக்கு மேடைதோறும் விழுந்த பொன்னாடைகள் இன்றைக்கு எங்கே இருக்கின்றன தெரியுமா? ஒன்று எங்கள் வீட்டு டிவிமேல். ஒன்று அச்சகத்துப் பக்கத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் காதர் நானாவின் ரேடியோமேல். ஒரு முறை சுங்காயில் ஒரே மேடையில் மூன்று விழுந்தன. அதில் ஒன்றை, “சமையல் பண்ணவங்களுக்குக் குடுத்துருங்கப்பா” என்று பின்பக்கம் அனுப்பிவிட்டார். யார் வாங்கினார்கள், என்ன செய்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. கொடுத்தால் அதோடு மறந்துவிடுவார்.

ஆனால் அவருடைய பெரிய கொடை வாழ்த்து மடல்தான்.

நம் ஊர்க் கல்யாணத்துக்கு வாழ்த்து மடல் இல்லாமல் போக முடியுமா? அந்த மடலை அரங்கண்ணன் எழுதினால்தான் கௌரவம். காசு வாங்க மாட்டார். அன்றைய சாப்பாடு மட்டும். ஆரம்பத்தில் ஒவ்வொரு ஜோடிக்கும் புதிதாகத்தான் எழுதினார். கூட்டம் பெருகியதும் ஒரு நாள் என்னிடம், “தம்பி, கோத்த எழுத்தைக் கலைக்காதே. யார் வந்து கேட்டாலும் பேரை மட்டும் மாத்திக் குடு. என் பேரைப் போடணும்னுகூட அவசியம் இல்லை” என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். பேராக் மாநிலத்தில் பாதிப் பேர் கவிஞராகிவிட்டார்கள்.

“குன்றுகள் எழுந்து நடந்தாலும் குலையாத அன்போடு வாழ்க” என்ற வரி உங்கள் வீட்டுச் சுவரிலும் தொங்கும். எழுந்துபோய்ப் பாருங்கள். தொங்குகிறதா? அதை எழுதியது உங்கள் சின்ன மாமனார் இல்லை. மன்னிக்கவும்.

இப்படி ஊருக்கே வாழ்த்து எழுதியவரின் வீட்டில் பதினோரு வருஷமாக அவரும் ஒரு ரேடியோவும்தான். அண்ணி காலமான பிறகு தொடர்கதையை நிறுத்தினார். கேட்டால், “எழுத என்ன இருக்கு தம்பி, எல்லாம் எழுதியாச்சு” என்பார். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குத்தான் கேட்கக் கஷ்டமாக இருக்கும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் சுங்காயில் ஒரு கல்யாணம். நானும் அண்ணனும் மேடை ஓரத்தில், சமையல் கட்டுக்குப் போகிற கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். மேடையில் யாரோ மடல் வாசிக்கிறார். எங்கள் முதுகுக்குப் பின்னால் இன்னொரு குரல்... மேடைக்காரர் வாசிப்பதற்கு முன்னாலேயே அடுத்த வரியைச் சொல்கிறது!

“இப்ப நதி வரும் பாரு.”

மேடையில், “இரு கரை சேர்த்த நதிபோல...”

“இப்ப தேனு.”

“தேனும் தினையும் கலந்தாற்போல...”

“அப்புறம் மலையெல்லாம் எந்திரிச்சு நடக்கும். நடந்ததும் நீ போய் இலையப் போடு. கரெக்டா இருக்கும்.”

அண்ணன் திரும்பிப் பார்த்தார். கதவை அடைத்துக்கொண்டு, கையில் கரண்டியோடு பாக்கியம் அக்கா. சுங்காயிலிருந்து லூமுட் வரைக்கும் கல்யாணச் சமையல் என்றால் அவர்தான். இளம் வயதில் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். புருஷன் போய், தோட்டமும் செம்பனை எண்ணெய்க் காடாக மாறிய பிறகு அண்டாவைத் தூக்கியவர். வயது ஐம்பத்தெட்டு. குரலைக் கேட்டால் நாற்பது என்பீர்கள். அதட்டலைக் கேட்டால் வயதே ஞாபகம் வராது.

“அந்த வரியெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் அண்ணன்.

“தெரியாம? எத்தன கல்யாணம், எத்தன வருசம்! நான் அடுப்புகிட்ட நிக்கிறேன், மைக் என் காதுகிட்ட கத்துது. யாரோ ஒருத்தர் எழுதிவச்சிட்டாரு, ஊரே ஓதுது. ஏன் சார், இந்த மலைங்க எந்திரிச்சு நடக்குது நடக்குதுன்றாங்களே... நான் ஈப்போ பக்கம் எத்தனயோ தடவ வந்திருக்கேன். நடந்து பாத்ததே இல்ல. லாரியில ஏறிப் போறதத்தான் பாத்திருக்கேன்.”

நம் மலைகளை உடைத்து லாரி லாரியாக ஏற்றுகிறார்களே, அதைச் சொல்கிறார். அண்ணன் சிரித்தார் பாருங்கள்... பதினோரு வருஷச் சிரிப்பு. மேடையில் வாசித்துக்கொண்டிருந்தவர் தம்மைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்து நிறுத்திவிட்டார்.

“எழுதினது நான்தாம்மா” என்றார் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அக்கா கரண்டியைத் தாழ்த்தவில்லை. “அப்படியா? நல்லாத்தான் இருக்கு சார். மொத தடவ கேக்கறப்ப.”

அதற்கப்புறம் அண்ணனுக்குக் கல்யாணக் கிறுக்குப் பிடித்தது. பத்திரிகை வைத்த கல்யாணம், வைக்காத கல்யாணம், வழியில் வாழைமரம் கட்டியிருந்த கல்யாணம்... எல்லாவற்றுக்கும் போனார். பெரிய எழுத்தாளர் அழையாமலே வந்து நிற்கிறாரே என்று வீட்டுக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. பொன்னாடை வாங்க ஆள் ஓடியது. அண்ணனோ சமையல் கட்டுக் கதவுப் பக்கமே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே போக மாட்டார், கூச்சம். அந்தப் பக்கத்திலிருந்து கிண்டல் வரும். இந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புப் போகும்.

கடைசியில் ஒரு நாள் அச்சகத்துக்கு வந்து ஒரு கடிதத்தை நீட்டினார். காதலைப் பக்கம் பக்கமாக எழுதிய மனிதர், என் முகத்தைப் பார்க்காமல் அச்சு மெஷினைப் பார்த்துப் பேசினார்.

“நீ கொண்டுபோய்க் குடுத்துரு தம்பி. எனக்குப் பயமா இருக்கு. இந்த வயசுல ஒரு பொம்பள வேணாம்னு சொல்லிட்டா, அப்புறம் எந்திரிக்கவே முடியாது.”

என் மோட்டார் சைக்கிளில் சுங்காய்க்குக் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் கடிதம் திரும்பி வந்தது. ஓரங்களில் பென்சில் எழுத்து. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்த கையெழுத்து, குண்டு குண்டாக.

‘நீ வந்தால் என் வாசலும் விளக்காகும்’ என்ற வரிக்குப் பக்கத்தில் — பீடோர் கல்யாணம். கத்தரிக்காய் புளிக்குழம்பு.

‘வானவில்லுக்கு எட்டாம் நிறம் நீ’ — சித்தியவான். வாழைக்காய் பொரியல். அன்னைக்கு உப்பு கூடிருச்சு.

‘என் கிளைக்கு வந்த முதல் குயிலே’ — இது கல்யாணமே இல்ல. தாப்பா காதுகுத்து. கேசரி.

அண்ணன் ஏமாற்றவில்லை, தெரியுமா? மனசார எழுதினார். ஆனால் பேனாவைத் திறந்தால் ஏற்கெனவே மடல்களில் கொடுத்துவிட்ட வரிகள்தான் வந்தன. இத்தனை வருஷமாக ஊரில் எல்லோருக்கும் கொடுத்துக் கொடுத்து, ஒருத்திக்கென்று எடுத்து வைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லோருக்கும் கொடுக்கிற கையில் இப்படியும் ஒரு சங்கடம் இருக்கிறது. கொடுக்காத நமக்கு அந்தக் கவலை இல்லை.

மேலும் இரண்டு கடிதங்கள் போயின. இரண்டும் ஊர்ப் பெயரோடும் குழம்புப் பெயரோடும் திரும்பி வந்தன. நான்காவது தடவை நேரிலேயே போனோம். அக்கா வீட்டு முன்னால் அண்டாக்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. அண்ணன் உட்காரவில்லை, நின்றார்.

“எழுத்து வர மாட்டேங்குது” என்றார். “ஆனா கேக்குறது நெசம்.”

“எனக்கும் சார புடிச்சிருக்கு” என்றார் அக்கா, பட்டென்று. “அதுல ஒண்ணும் சுசா இல்ல, செரமமும் இல்ல. எம்புள்ளைங்ககிட்டயும் கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க. ஆனா ஒண்ணு. நீங்க எல்லாருக்கும் நல்லவரு. எனக்குன்னு யாரு நீங்க? சரி, கம்பார் கல்யாணத்துல நான் என்ன வச்சேன், சொல்லுங்க பாப்போம்.”

அண்ணன் விழித்தார். என்னைப் பார்த்தார். நான் அண்டாவைப் பார்த்தேன்.

“சாம்பார்...?”

“எல்லாக் கல்யாணத்துலயும் சாம்பார் இருக்கும் சார்.”

அண்ணன் முகம் தொங்கிப்போனது. அக்காவுக்கே கொஞ்சம் பாவமாக இருந்திருக்க வேண்டும். குரலை இறக்கிச் சொன்னார்.

“தேதி வைங்க. நான் வந்து மேடையில உக்காருறேன். தாலி எடுக்குறதுக்கு முந்தி எனக்குன்னு நாலு வார்த்த சொல்லணும். நான் எங்கயும் கேக்காததா இருக்கணும். கேட்டதா இருந்தா... கோவிச்சுக்கக் கூடாது, எந்திரிச்சு அடுப்புக்குப் போயிருவேன். எனக்கு அது பழகுன இடம்.”

தேதி வைத்தார்கள். அண்ணன் ஊர் முழுக்க ஒரே வேண்டுகோள் வைத்தார்: வாருங்கள், வாழ்த்துங்கள், தயவுசெய்து வாழ்த்து மடல் மட்டும் வேண்டாம்.

கேட்பார்களா? எல்லோர் கல்யாணத்துக்கும் எழுதிக் கொடுத்த மனிதரின் கல்யாணத்துக்கு வெறுங்கையோடு வர முடியுமா? ஒவ்வொருவராக அச்சகத்துக்கு வந்தார்கள். ஒவ்வொருவரும் குரலைத் தாழ்த்தி, “அண்ணே, ஒண்ணு அடிச்சுக் குடுங்க. அவருக்குத் தெரிய வேணாம், சர்ப்ரைஸ் லா!”

மறுத்திருக்க வேண்டும். நான் மறுக்கவில்லை. யார் கேட்டாலும் கொடு என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே? எழுத்தும் கோத்தபடி இருந்தது. பெயரை மட்டும் மாற்றி... பதினான்கு மடல் அடித்தேன். புத்தி எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள். என் மனைவி சரசு ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

ஆக, போன ஞாயிறு.

மாப்பிள்ளை பட்டு வேட்டி, மாலையோடு மேடையில். பக்கத்தில் பாக்கியம் அக்கா, அரக்குப் புடவையில். அவர் கல்யாணத்துக்கும் அவர்தான் சமையல். வேறு யாரையும் அடுப்புப் பக்கம் விடவில்லை. விடியற்காலையிலேயே முக்கால்வாசி முடித்துவிட்டு, சாம்பாரைக் கொதிக்க விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

மேடை நிர்வாகம் காதர் நானா. “சாரு இப்ப நாலு வார்த்த பேசுவாரு” என்று மைக்கைத் திறந்தாரோ இல்லையோ... ஓகோ, வாழ்த்து நேரம் வந்துவிட்டது என்று நினைத்து, மண்டபத்தில் பதினைந்து பேர் கண்ணாடிச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். வழக்கமாகத் தாலி கட்டிய பிறகுதான் மடல் வாசிப்பார்கள். ஆனால் திறந்த மைக்கை நம் ஆட்கள் சும்மா விடுவார்களா?

முதல் மடல். நதி வந்தது. அக்கா ஒரு விரலை மடக்கினார்.

இரண்டாவது. அதே நதி. இன்னொரு விரல்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அது கோபமில்லை. அவர் மடியில் ஒரு தாள் இருந்தது, நான்கு வரிக்காக. தூரத்திலிருந்தே தெரிந்தது — வெறும் தாள்.

ஏழாவதாகத் தங்கையா. மாப்பிள்ளை பெயர் பறந்த கதையைத்தான் சொல்லிவிட்டேனே. அந்தச் சிரிப்பு அடங்கி எட்டாவது ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு, “குன்றுகள் எழுந்து...” என்றதும், குன்று நடந்ததோ இல்லையோ, மணப்பெண் எழுந்து நடந்தார்.

நேராகப் பின்பக்கம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசி வரிசையிலிருந்து யாரோ, “பொண்ணு ஓடிப்போச்சு!” என்று கத்தினார். ஐம்பத்தெட்டு வயசுப் பெண்! தாலி எடுத்துக் கொடுக்க நின்ற கோயில் பண்டாரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “முகூர்த்தம் முடிய இன்னும் இருவது நிமிசம்தாங்க இருக்கு” என்று யாரிடம் சொல்வது என்று தெரியாமல் என்னிடம் சொன்னார். காதர் நானா மைக்கில், “யாரும் பதற வேணாம், எல்லாரும் பதறாம உக்காருங்க” என்று பதறிக்கொண்டிருந்தார்.

அண்ணன் எழுந்தார். வெறும் தாளை மடியிலிருந்து தட்டிவிட்டார். மாலையோடு அக்கா போன வழியிலேயே போனார். நான் பின்னால் ஓடினேன். மைக்கை வைக்க மறந்த காதர் நானா என் பின்னால் ஓடினார். நீள வயர், பின்பக்கம்வரைக்கும் எட்டியது.

பின்பக்கத் தகரக் கொட்டகை. ஒரே விறகுப் புகை. பாக்கியம் அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சாம்பார் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும்,

“என்ன எல்லாரும் வந்துட்டீங்க? உப்பு போட மறந்துட்டேன். அந்த மலை நடக்கவும்தான் ஞாபகம் வந்துச்சு. எப்பவும் அப்பதானே போடுவேன்!” என்றார்.

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அண்ணன் அசையவில்லை. அவர் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். சூட்டுக்குத் துணி மடித்து அண்டாவின் காதைப் பிடித்திருந்த கை. அந்தத் துணியில் ஜரிகை மின்னியது. அது பொன்னாடை. சுங்காயில் அவர் பின்பக்கம் அனுப்பினாரே, அதே பொன்னாடை. ஓரமெல்லாம் கருகியிருந்தது.

“அது... நான் குடுத்ததா?”

“நீங்க குடுத்ததுதான். நல்ல துணி சார். ஆனா சூடு தாங்கல.”

அண்ணன் அந்தக் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். கரி பிடித்த அண்டா, வெங்காயத் தோல் மூட்டை, தரையில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த நாலு பெண்கள். புகையில் அவர் கண்ணில் நீர். புகையில்தான் என்று நான் எழுதிவிடலாம். ஆனால் எனக்குப் பக்கத்தில் நின்ற காதர் நானாவும் பார்த்தார்.

“பாக்கியம்” என்றார். “இத்தன வருசத்துல இந்தப் பக்கம் நான் வந்ததே இல்ல. எத்தனயோ பந்தியில மொத ஆளா உக்காந்திருக்கேன். சாப்புடுவேன், கை கழுவுவேன், வெத்தல போட்டுட்டுப் போயிருவேன். சமைச்சது யாருன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. என் வரியெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கு. உங்க குழம்பு ஒண்ணுகூட எனக்கு ஞாபகம் இல்ல. வெக்கமா இருக்கு. இனிமே... கை கழுவுறதுக்கு முந்தி, என்ன சாப்புட்டேன், எப்படி இருந்துச்சுன்னு சொல்லிருவேன்.”

பூசணிக்காய் நறுக்கும் சத்தம் நின்றிருந்தது. நான் அக்காவின் இன்னொரு கையைப் பார்த்தேன். விரல் ஒன்றுகூட மடங்கவில்லை.

“இது கவிதையா சார்?”

“இல்ல.”

“அதான் பாத்தேன். கேக்க நல்லா இருக்கு.” கொஞ்ச நேரம் சாம்பாரைக் கிளறினார். “இத யாருக்காச்சும் எழுதிக் குடுத்திருக்கீங்களா?”

“இல்ல.”

“இனிமே யாராச்சும் வந்து கேட்டா?”

நான் அண்ணனைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். யாருக்கும் இல்லை என்று சொன்ன வாய் இல்லை அது. அந்த ஒரு வார்த்தை வருவதற்கு அவர் பட்ட பாடு இருக்கிறதே... ஒரு தொடர்கதை எழுதியிருக்கலாம்.

“குடுக்க மாட்டேன்” என்றார்.

அக்காவின் முகம் மலர்ந்ததை நான் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். “நீங்க போய் உக்காருங்க. சாம்பார எறக்கிட்டு வாரேன்” என்றார்.

முகூர்த்தம் முடிய ஆறு நிமிஷம் இருக்கும்போது தாலி ஏறியது. காதர் நானா கையிலிருந்த மைக் அணைக்கப்படவே இல்லை என்பதும், கொட்டகையில் பேசியதெல்லாம் முந்நூறு பேருக்கும் கேட்டுவிட்டது என்பதும் அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஏன் பெண்கள் பக்கம் இத்தனை பேர் மூக்கைத் துடைக்கிறார்கள் என்று நானும் யோசித்தேன்.

அன்றைக்குப் பந்தியில் மாப்பிள்ளை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னார். பூசணிக்காய்க் கூட்டு நன்றாக இருக்கிறது, மாங்காய்ப் பச்சடி நன்றாக இருக்கிறது... கையைக் கழுவ முக்கால் மணி நேரம் ஆனது. அடுத்த பந்திக்கு இலைக்காக நின்றவர்கள் பசியில் அவரை முறைத்தார்கள்.

மறுநாள் காலை அச்சகத்தைத் திறக்கும்போதே இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். “அண்ணே, அந்தச் சமையல்கட்டு வாழ்த்து இருக்குல்ல, அத ஒரு பிரேம் போட்டு...” இல்லை என்று சொன்னேன். எனக்கும் அது புது வார்த்தைதான். இந்தப் பத்திரிகைப் பத்தியில் எழுதுவதற்கே அக்காவிடம் கேட்டு அனுமதி வாங்கினேன். “படிக்கட்டும். மேடையில யாராச்சும் ஓதுனா கரண்டியோட வருவேன்னு கடைசியில எழுதிருங்க” என்றார். எழுதிவிட்டேன்.

நதி, தேன், குன்று எல்லாவற்றையும் திங்கட்கிழமையே கலைத்து, எழுத்துகளை அதனதன் அறையில் போட்டுவிட்டேன். அண்ணன் வந்து பார்த்தார். போகும்போது அரை ரீம் வெள்ளைத் தாள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். என்ன எழுதப் போகிறாரோ, எனக்குத் தெரியாது. அவரைப் பார்த்தால் அவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. அறுபத்து நான்கு வயதில் அந்த முகம் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நாமும் திருந்த வேண்டாமா? கல்யாணத்தன்று சாயந்தரமே நான் திருந்திவிட்டேன். வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும், முதல் வாய் விழுங்கிவிட்டு, கை கழுவுவதற்கு வெகு முன்னதாகவே மனசாரச் சொன்னேன்.

“சரசு, குழம்பு ரொம்ப நல்லா இருக்கு.”

சரசு நிமிர்ந்து பார்த்தாள்.

“அது பாக்கியம் அக்கா மண்டபத்துலருந்து தாப்பாவ் பொட்டலம் கட்டிக் குடுத்தது. நான் வச்சது ரசம்.”

“ரசமும் பிரமாதம்” என்றேன். இன்னும் ஊற்றிக்கொள்ளவே இல்லை.